218042-ஐக் கையால் பிரிப்பது: பெரிய எண்ணின் பண்புகளைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் உள்ள நான்கைந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் பகாக் காரணிகள் வந்ததும் அவர்கள் முதலில் கால்குலேட்டரை எடுக்கிறார்கள். பிறகு கண்டபடி வகுக்கிறார்கள். ஏழால் ஒருமுறை, மூன்றால் ஒருமுறை, பதினேழால் ஒருமுறை, எதை முடித்தோம் என்பது மறந்து மறுபடி ஏழால். அரை மணி நேரம் கழித்து "இது பகா எண்தான்" என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு வகுக்கத் தெரியாமல் இல்லை. எதற்குப் பிறகு எது என்பதுதான் தெரியவில்லை.

பாடநூலில் வரும் எண்கள் உடைவதற்கென்றே செய்யப்பட்டவை. ஆகவே தெருவில் கிடக்கும் எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலின் அஞ்சல் குறியீட்டு எண் 218042. இதன் பகாக் காரணிகள், வகுத்திகளின் எண்ணிக்கை, அவற்றின் கூட்டுத்தொகை, இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுத முடியுமா என்பது வரை பென்சிலும் தாளும் கொண்டே போகலாம். கடைசியில் ஒரு பன்னிரண்டு இலக்க எண்ணையும் உடைப்போம்.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்கவேண்டியவை

கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பென்சில், அழிப்பான். கட்டம் ஏன் என்றால், ஆறு இலக்க வகுத்தலில் பாதித் தவறுகள் இலக்கம் ஒரு கட்டம் தள்ளி விழுவதால் வருபவை.

அடுத்து, 100-க்கு உட்பட்ட 25 பகா எண்களின் பட்டியல். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97. எழுதியபின் எண்ணிப் பாருங்கள். 26 வந்தால் 1-ஐச் சேர்த்திருப்பீர்கள், அல்லது 51, 57, 87, 91 ஆகியவற்றில் ஒன்று நுழைந்திருக்கும். இந்த நான்கும் பகா எண் போலவே முகம் காட்டும். 51 = 3 × 17, 57 = 3 × 19, 87 = 3 × 29, 91 = 7 × 13. என் பழைய நோட்டு ஒன்றில் 91 இரண்டு ஆண்டுகள் பகா எண்ணாகவே குடியிருந்தது.

கால்குலேட்டரைப் பைக்குள் வைத்துவிடுங்கள். விடையைச் சரிபார்க்க அது பிறகு வரட்டும்.

2. எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்

218,042 என்று எழுதவேண்டும். 2,18,042 என்று எழுதக்கூடாது.

ஊரிலிருந்து வந்திருந்த ஒரு தாத்தா பேரனுக்கு உதவ உட்கார்ந்து, லட்சக் கணக்குப் பழக்கத்தில் இரண்டாவது விதமாகப் பிரித்தார். எண்ணை எப்படி எழுதினாலும் அதன் மதிப்பு ஒன்றுதான். ஆனால் ஐந்தாம் படியில் வரும் சோதனை மூன்று மூன்றாகப் பிரித்த எண்ணுக்கு மட்டுமே பொருந்தும். அவர் பிரிப்பில் 42 − 18 + 2 = 26 என்று வந்தது; 26 என்பது 13-இன் மடங்கு, ஆகவே 218042-உம் 13-ஆல் வகுபடும் என்று முடிவு கட்டினார்கள். வகுபடாது. 13 × 16,772 = 218,036; மீதி 6.

இன்னொன்று, தொடக்கத்தில் நிற்கும் சுழி. தீமிதி நடக்கும் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் குறியீடு 058793. அஞ்சலுக்கு அது ஆறு இலக்கம். கணக்குக்கு அது 58,793 என்ற ஐந்து இலக்க எண். எதை எடுத்துக்கொண்டீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இது எங்கே காலை வாரும் என்பதைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

3. எதுவரை சோதிக்கவேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள்

பிள்ளைகள் எப்போதும் தாண்டிப் போகும் படி இது. எல்லை தெரியாமல் வகுக்கத் தொடங்கினால் எப்போது நிறுத்துவது என்பதும் தெரியாது.

எல்லை என்பது வர்க்கமூலம். வகுத்திகள் சோடியாகவே வரும்: ஒன்று சிறியது, மற்றது பெரியது. இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியதாக இருந்தால் பெருக்கற்பலன் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே சோடியில் ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தே தீரும்.

467 × 467 = 218,089. நம் எண்ணைவிட 47 அதிகம். ஆகவே எல்லை 466. அதற்குள் 90 பகா எண்கள் இருக்கின்றன. மிக மோசமான நிலையில் 90 வகுத்தல்கள் செய்யவேண்டி வரும். மலைக்க வேண்டாம், ஒவ்வொரு காரணி கிடைக்கும்போதும் எல்லை சுருங்கும்.

4. கண்ணாலேயே முடியும் சோதனைகள்: 2, 5, 3

கடைசி இலக்கம் 2, ஆகவே இரட்டைப்படை. கடைசி இரண்டு இலக்கங்கள் 42. அது 4-ஆல் வகுபடாது, ஆகவே 2 ஒருமுறைதான் வரும். 5 இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 2+1+8+0+4+2 = 17, ஆகவே 3 இல்லை.

இவற்றை முதலில் செய்யக் காரணம் செலவு குறைவு என்பதுதான். பத்து வினாடியில் மூன்று பகா எண்கள் முடிந்துவிடுகின்றன.

கூட்டுத்தொகைச் சோதனையில் ஒரு பொறி உண்டு. விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் குறியீடு 188064. இலக்கங்களைக் கூட்டினால் 27. உடனே ஒரு பையன் "27-ஆல் வகுபடும்" என்றான். 3-க்கும் 9-க்கும் உள்ள விதி 27-க்குக் கிடையாது. 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1. 100, 1000 எல்லாவற்றுக்கும் அப்படியே. அதனால்தான் இலக்கங்களைக் கூட்டினாலே போதும் என்ற சலுகை கிடைக்கிறது. 10-ஐ 27-ஆல் வகுத்தால் மீதி 10. அங்கே சலுகை இல்லை. உண்மையில் 188,064 = 2⁵ × 3² × 653.

5. 7, 11, 13: மூன்றுக்கும் ஒரே கழித்தல்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. 7 × 11 × 13 = 1001. இந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்தோம் அல்லவா? பெரிய பகுதியிலிருந்து சிறிய பகுதியைக் கழியுங்கள். 218 − 42 = 176. இனி 218042-ஐ மறந்துவிட்டு 176-ஐ மட்டும் பாருங்கள். 176 = 16 × 11. ஆகவே 11 வகுக்கும். 7-உம் 13-உம் வகுக்கா. மூன்று சோதனைகள் ஒரு கழித்தலில் முடிந்தன.

ஏன் இப்படி? 218,042 என்பது 218 × 1000 + 42. அதை 218 × 1001 − 218 + 42 என்று எழுதலாம். முதல் பகுதி 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். மிஞ்சுவது 42 − 218 மட்டும். குறி கழித்தலில் வந்தாலும் வகுபடுமா என்ற கேள்விக்கு அது பொருட்டல்ல.

தேக்கா நிலையத்தின் குறியீடு 210665. 665 − 210 = 455 = 5 × 7 × 13. ஒரே பார்வையில் 7-உம் 13-உம் கிடைத்துவிட்டன, 11 இல்லை. முழு விடை 5 × 7 × 13 × 463. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 209924. 924 − 209 = 715 = 5 × 11 × 13. இங்கே 11, 13 உண்டு, 7 இல்லை. (715-இல் 5 இருப்பதால் 209924-இலும் 5 இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தச் சோதனை 7, 11, 13 பற்றி மட்டுமே பேசும். முன்பு தேக்காவில் 5 ஒத்துப்போனது தற்செயல்.)

வித்தியாசம் சுழி வந்தால் பயப்பட வேண்டாம். மூன்றும் வகுக்கும் என்று பொருள். அதே தேக்காவின் புளோக் எண் 665-ஐ இருமுறை எழுதினால் 665,665. அது 665 × 1001. அந்த 1001-க்குள் 7, 11, 13 மூன்றும் இருக்கின்றன.

6. கிடைத்த காரணியை மறுபடியும் சோதியுங்கள்

இப்போது வகுக்கலாம். 218,042 ÷ 2 = 109,021. 109,021 ÷ 11 = 9,911.

பெரும்பாலானோர் இங்கே 11-க்கு எதிரே ஒரு சரி போட்டுவிட்டு 13-க்குப் போய்விடுகிறார்கள். நிறுத்துங்கள். 9,911-ஐ மறுபடி 11-ஆல் சோதியுங்கள். 911 − 9 = 902 = 11 × 82. மறுபடியும் வகுபடுகிறது! 9,911 ÷ 11 = 901. இன்னொரு முறை: 901-இல் 11 × 81 = 891, மீதி 10. இனி இல்லை.

ஒரு காரணி "இல்லை" என்று சொல்லும்வரை அதை விடக்கூடாது. அடுக்கு, அதாவது ஒரு காரணி எத்தனை முறை வருகிறது என்பது, தவறினால் பின்னால் வரும் ஒவ்வொரு பண்பும் தவறும்: வகுத்திகளின் எண்ணிக்கை, கூட்டுத்தொகை, வர்க்கங்கள் எல்லாமே.

இப்போது எல்லையைத் திருத்துங்கள். கையில் இருப்பது 901; 30 × 30 = 900, 31 × 31 = 961. ஆகவே எல்லை 30. 466 என்று தொடங்கியது 30-க்கு வந்துவிட்டது. 13-க்குக் கீழே எல்லாம் முடிந்தன. 13 ஏற்கெனவே 176-இல் விழுந்துவிட்டது. மிஞ்சியவை 17, 19, 23, 29 மட்டும். முதல் முயற்சியிலேயே 17 × 53 = 901.

53 பகா எண். ஆகவே 218,042 = 2 × 11² × 17 × 53.

பெருக்கிச் சரிபாருங்கள்: 2 × 121 = 242; 242 × 900 = 217,800; அதோடு 242 = 218,042. கால்குலேட்டர் இல்லாமலே முடிந்தது.

901-ஐப் பார்த்து "இது பகா எண்" என்று சொல்லாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒன்றில் முடிகிறது, நடுவில் சுழி, பார்த்தால் முரடாக இருக்கிறது. முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நான்கு வகுத்தல்தானே.

7. எளிதில் மசியாத எண்: 218123

அதே சிராங்கூன் சாலையில் சற்றுத் தள்ளி ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில். குறியீடு 218123. முதல் மூன்று இலக்கங்கள் அப்படியே; உள்ளே முற்றிலும் வேறு உலகம்.

2, 5 இல்லை. கூட்டுத்தொகை 17, ஆகவே 3 இல்லை. 218 − 123 = 95 = 5 × 19; ஆகவே 7, 11, 13 இல்லை. மலிவான சோதனைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. எல்லை 467, அதுவரை 91 பகா எண்கள். இங்கேதான் ஆட்கள் கைவிடுகிறார்கள்.

நீள வகுத்தல் போடாதீர்கள். கடைசி இலக்கத்தைச் சுழியாக்கும் வழியைப் பயன்படுத்துங்கள். சோதிக்கும் பகா எண்ணின் ஏதாவது ஒரு மடங்கைக் கூட்டியோ கழித்தோ கடைசி இலக்கத்தைச் சுழியாக்கி, அந்தச் சுழியை வெட்டிவிடவேண்டும். 10-இல் இருப்பவை 2-உம் 5-உம் மட்டுமே. ஆகவே சுழியை வெட்டுவதால் மற்ற எந்தப் பகா எண்ணின் வகுபடும் தன்மையும் மாறாது. இரட்டைப்படை வந்தால் பாதியாக்கலாம்; 3-ஆல் வகுபட்டால் அதையும் செய்யலாம். சோதிக்கும் எண் அதுவாக இல்லாதவரை எதைக் கழற்றினாலும் சரி.

41-ஐப் பாருங்கள். 41 × 3 = 123. கழித்தால் 218,000. சுழிகளை வெட்டினால் 218. பாதி 109. 41 அதை வகுக்காது. முடிந்தது.

23: கழித்தால் 218,100, வெட்டினால் 2,181, மூன்றால் வகுத்தால் 727. 23 × 31 = 713; மீதி இருக்கிறது. இல்லை.

37: கூட்டினால் 218,160, வெட்டினால் 21,816, பாதி, பாதி, பாதி: 10,908, 5,454, 2,727. 37 × 73 = 2,701; மேலும் 26 மிஞ்சுகிறது. இல்லை.

இப்படியே 17 தொடங்கி 53 வரை பத்துப் பகா எண்களும் விழும். ஒவ்வொன்றையும் எழுதி எதிரே குறுக்குக் கோடு போடுங்கள். மனத்தில் வைத்துக்கொண்டால் 43-ஐயோ 47-ஐயோ விட்டுவிடுவீர்கள்.

59: 59 × 7 = 413. கழித்தால் 217,710, வெட்டினால் 21,771. 59 × 9 = 531; கழித்தால் 21,240; வெட்டினால் 2,124. பாதி 1,062, மறுபடி பாதி 531. அது 59 × 9. பிடிபட்டது!

இந்த வழியில் வரும் பொதுவான தவறு, கடைசியில் கிடைத்த 9-ஐ ஈவு என்று எடுத்துக்கொள்வது. இந்த முறை ஆம், இல்லை என்று மட்டுமே சொல்லும். ஈவுக்கு உண்மையாக வகுக்கவேண்டும். 59 × 3,700 = 218,300; நம் எண்ணைவிட 177 அதிகம்; 177 = 59 × 3. ஆகவே ஈவு 3,697.

3,697 பகா எண்ணா? அதன் எல்லை 60. மறுபடி 2-இலிருந்து தொடங்கவேண்டாம். 59-க்குக் கீழே உள்ள எந்தப் பகா எண்ணும் 218,123-ஐ வகுக்கவில்லை. பெரிய எண்ணை வகுக்காதது அதன் காரணியை எப்படி வகுக்கும்? மிஞ்சுவது 59 மட்டும். 59 × 62 = 3,658; மீதி 39. ஆகவே 3,697 பகா எண். 218,123 = 59 × 3,697. தொண்ணூற்றொரு சோதனைகள் என்று பயந்தது பதினேழோடு முடிந்தது.

8. வகுத்திகளை எண்ணுங்கள்

மறுபடி 218042-க்கு வருவோம். 2 × 11² × 17 × 53. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 2 × 3 × 2 × 2 = 24.

ஏன் ஒன்றைக் கூட்டவேண்டும்? ஒரு வகுத்தியை உருவாக்கும்போது 11-ஐ எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம். மூன்று வாய்ப்புகள். எடுக்காமல் விடுவதும் ஒரு வாய்ப்பு என்பதை மறப்பவர்கள் அடுக்குகளை மட்டும் பெருக்கி 2 என்ற விடையோடு வருவார்கள்.

எண்ணிக்கையை நம்பாதீர்கள், பட்டியல் போடுங்கள். எல்லை 466-க்குள் இருக்கவேண்டியவை 12: 1, 2, 11, 17, 22, 34, 53, 106, 121, 187, 242, 374. ஒவ்வொன்றின் எதிரேயும் சோடியை எழுதுங்கள்: 218042, 109021, 19822, 12826, 9911, 6413, 4114, 2057, 1802, 1166, 901, 583. பன்னிரண்டு சோடி, இருபத்து நான்கு வகுத்திகள்.

எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் எண் முழு வர்க்கமாக இருக்கவேண்டும். வர்க்கமூலம் தனக்குத்தானே சோடி ஆவதால். 218042 முழு வர்க்கம் இல்லை என்பது மூன்றாம் படியிலேயே தெரியும். ஒற்றைப்படை வந்திருந்தால் எங்கோ தவறு.

9. வகுத்திகளின் கூட்டுத்தொகை

ஒவ்வொரு பகாக் காரணிக்கும் அதன் அடுக்குகளைக் கூட்டிப் பெருக்கவேண்டும். 2-க்கு 1 + 2 = 3. 11-க்கு 1 + 11 + 121 = 133. 17-க்கு 18. 53-க்கு 54. பெருக்கினால் 3 × 133 × 18 × 54 = 387,828.

மேலே போட்ட பட்டியலைக் கூட்டிப் பாருங்கள். சிறிய பன்னிரண்டு 1,170. பெரிய பன்னிரண்டு 386,658. இரண்டும் சேர்ந்து 387,828. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால்தான் நான் பேனாவால் எழுத விடுவேன்.

எண்ணையே கழித்தால் 169,786. அது 218,042-ஐவிடக் குறைவு; ஆகவே இது குறை எண். 11-க்கு 12 என்று மட்டும் எழுதி 121-ஐ விட்டுவிடுவது இங்கே வழக்கமான பிழை.

இதே போக்கில் இன்னொன்று: 218042 வரையிலான எண்களில் இதனோடு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? 1 × 110 × 16 × 52 = 91,520. ஒவ்வொரு பகா எண்ணிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கி, 11 இருமுறை வருவதால் இன்னொரு 11-ஆல் பெருக்கினோம் (10 × 11 = 110). அவ்வளவுதான்.

10. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

இதற்கு ஒரு விதி இருக்கிறது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண்கள் எல்லாம் இரட்டைப்படை அடுக்கில் இருக்கவேண்டும். அப்படி இருந்தால் முடியும். ஒன்றாவது ஒற்றைப்படை அடுக்கில் இருந்தால் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

தேக்காவின் 210665-இல் 7 ஒருமுறைதான் வருகிறது. தேடவே வேண்டாம். பெருமாள் கோயில் 218123-இல் 59 ஒருமுறை. 59-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. அங்கும் இல்லை.

218042-இல் மீதி 3 தருவது 11 மட்டும். அது இருமுறை வருகிறது. 17-உம் 53-உம் மீதி 1 தருபவை. ஆகவே முடியும். ஆறாம் படியில் 11-ஐ இரண்டாம் முறை சோதிக்காமல் விட்டவருக்கு இந்தக் கதவு மூடியே இருந்திருக்கும்.

தேடும் வழி இது. 11²-ஐ வெளியே எடுங்கள்; மிஞ்சுவது 2 × 17 × 53 = 1,802. இதை 4-ஆல் வகுத்தால் மீதி 2, ஆகவே இரண்டு வர்க்கங்களும் ஒற்றைப்படை எண்களுடையவை. பாதி வேலை குறைந்தது. 1,802-க்குள் அடங்கும் மிகப் பெரிய ஒற்றைப்படை வர்க்கம் 41² = 1,681. மிச்சம் 121. அது 11²! முதல் அடியிலேயே ஒன்று.

அதோடு எழுந்துவிடாதீர்கள். 39² = 1,521, மிச்சம் 281, இல்லை. 37²-க்கு மிச்சம் 433, இல்லை. 35²-க்கு 577, இல்லை. 33²-க்கு 713, இல்லை. 31² = 961, மிச்சம் 841 = 29². இரண்டாவது. இதற்குக் கீழே போனால் அதே சோடிகள் தலைகீழாக வரும், ஆகவே நிறுத்தலாம்.

வெளியே எடுத்த 11-ஐத் திருப்பிக் கொடுங்கள். 41, 11 என்பவை 451, 121 ஆகும். 31, 29 என்பவை 341, 319 ஆகும்.

451² + 121² = 203,401 + 14,641 = 218,042.
341² + 319² = 116,281 + 101,761 = 218,042.

11-ஆல் பெருக்குவதற்குப் பதில் 121-ஆல் பெருக்கிவிடுபவர்கள் உண்டு. வெளியே எடுத்தது 11². வர்க்கத்துக்குள்ளே திரும்பிப் போகும்போது அது 11.

11. பன்னிரண்டு இலக்கத்துக்குப் போவது

218042-ஐ இருமுறை அடுத்தடுத்து எழுதுங்கள்: 218,042,218,042. எங்கள் பிள்ளைகள் இதைக் கால்குலேட்டரில் தட்டியதும் கடைசி இலக்கங்கள் காணாமல் போய், 10-இன் அடுக்கு ஒன்று ஓரத்தில் தோன்றியது. தெரியாத இலக்கங்களை வைத்துக்கொண்டு 2-ஆல் வகுபடுமா என்றுகூடச் சொல்ல முடியாது. எக்செல் விரிதாள் 15 இலக்கம் வரை காப்பாற்றும்; பதினாறாவது இலக்கத்தைச் சுழியாக்கிவிடும். வங்கி அட்டை எண்ணைத் தட்டச்சு செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

கையால் போவதே இங்கே எளிது. ஆறு இலக்கத்தை இருமுறை எழுதினால் அது 218,042 × 1,000,001. முதல் பகுதியை ஏற்கெனவே உடைத்தாயிற்று. 1,000,001 என்பது 100³ + 1. ஒற்றைப்படை அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் அடிஎண்ணோடு 1 சேர்ந்தது அதை வகுக்கும். அதாவது 101. வகுத்தால் 9,901. அதன் எல்லை 99. முதல் பக்கப் பட்டியல் முழுவதையும் போட்டுப் பாருங்கள், எதுவும் வகுக்காது. 9,901 பகா எண்.

218,042,218,042 = 2 × 11² × 17 × 53 × 101 × 9,901. வகுத்திகள் 24 × 2 × 2 = 96.

மாரியம்மன் கோயில் எண்ணில் இதைச் செய்பவர்கள் கவனிக்கவேண்டும். 058793-ஐச் சுழியோடு இருமுறை எழுதினால் 58,793 × 1,000,001. சுழியை விட்டு 5,879,358,793 என்று எழுதிவிட்டால் அது 58,793 × 100,001; உள்ளே இருப்பது 11 × 9,091. 101-ஐத் தேடி மணிக்கணக்கில் அலைந்தாலும் கிடைக்காது.

இந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணையும் இரண்டு வர்க்கங்களாக எழுதலாம். 341, 319 என்ற சோடி கையில் இருக்கிறது. 1,000,001 என்பது 1000² + 1². இரண்டு சோடிகளைக் கலக்கப் பண்டைய இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தரின் வழி: முதலை முதலோடும் கடையைக் கடையோடும் பெருக்கிக் கூட்டு, பிறகு குறுக்காகப் பெருக்கிக் கழி.

341 × 1000 + 319 × 1 = 341,319.
319 × 1000 − 341 × 1 = 318,659.

341,319-இன் வர்க்கம் 116,498,659,761. 318,659-இன் வர்க்கம் 101,543,558,281. ஒன்றின்கீழ் ஒன்றாக, கட்டத்துக்கு ஓர் இலக்கமாக எழுதிக் கூட்டுங்கள்: 218,042,218,042.